2 மீட்டர் கிளைடருக்கு லேசான ஃபைபர் பாடி: மேட் வேண்டாம் என்றால் வேறு எப்படி?

பெரம்பூர் கிளைடர்

வணக்கம். ரேடியோ கன்ட்ரோலில் பறக்கிற மாடல் கிளைடர் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன், இறக்கை 2 மீட்டர், மேலெழும் வெப்பக் காற்றில் மிதக்கிற தெர்மல் வகை. இறக்கை முழுக்க பால்சா, எப்ளர் 205 ப்ரொஃபைல் (இறக்கையின் குறுக்குவெட்டு வடிவம்), கவரிங் ஒட்டி முடித்தாகிவிட்டது. வாலும் தயார். பாக்கி இருப்பது பாடி மட்டும்தான். பிளைவுட் பெட்டி மாதிரி செய்ய மனசு வரவில்லை, உருண்டையாக, வழவழப்பாக, முன்னால் பாட் (பேட்டரி, சர்வோ உட்காரும் கூடு), பின்னால் டெயில் பூம் (வாலைத் தாங்கும் குழாய்) என்று ஃபைபரில் வேண்டும். பாட், பூம் இரண்டும் சேர்ந்து 120 கிராமைத் தாண்டக் கூடாது என்று கணக்கு வைத்திருக்கிறேன்.

காசிமேட்டில் ஃபைபர் போட் வேலை செய்கிற ஒரு அண்ணனிடம் வரைபடத்தைக் காட்டினேன். மேட் (நறுக்கிய கண்ணாடி இழைகளைப் பசையால் பிடித்த விரிப்பு) இரண்டு லேயர், மேலே ஜெல்கோட் (வழவழப்பான வெளிப்பூச்சு), இரண்டு நாளில் தருகிறேன் என்றார். எடை எவ்வளவு வரும் என்று கேட்டால் கால் கிலோவுக்குக் குறையாது என்கிறார். உடையாது என்பதற்கு மட்டும் உத்தரவாதம் தருகிறார். இறக்கையில் ஒவ்வொரு ரிப்பையும் எடை பார்த்து ஒட்டிவிட்டு, பாடியில் கால் கிலோவை ஏற்ற எனக்கு மனசு இல்லை.

பாட் நீளம் 50 செ.மீ., அதிகபட்ச அகலம் 5, உயரம் 6. பின்னால் 16 மி.மீ. பூமில் போய் முடிகிறது. சென்னையில் கிடைக்கிற பொருளை வைத்து, வீட்டு மொட்டை மாடியில் இதை எப்படி எடை குறைவாகச் செய்வது? கார்பன் துணி அவசியமா? செய்தவர்கள் சொல்லுங்கள்.

குரோம்பேட்டை பால்சா

தம்பி, கார்பனை அப்புறம் பார்ப்போம், முதலில் எடை எங்கே சேருகிறது என்று பாருங்கள்.

உங்கள் பாட்டின் சராசரி சுற்றளவு சுமார் 13 செ.மீ. வரும். 50 செ.மீ. நீளத்துக்கு 650 சதுர செ.மீ., துணி ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற இடங்களையும் சேர்த்தால் 700 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 0.07 சதுர மீட்டர். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) மேட் இரண்டு லேயர் என்றால் கண்ணாடி இழை மட்டும் 42 கிராம். மேட் தன் எடையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு ரெசினைக் குடிக்கும், அது ஒரு 95 கிராம். அதன்மேல் ஜெல்கோட் 30 கிராம். பாட் மட்டுமே 165-ஐத் தொட்டுவிட்டது, பூமையும் மேட்டிலேயே சுற்றினால் அந்த அண்ணன் சொன்ன கால் கிலோ சரியாக வரும். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

இப்போது இதையே நெய்த கண்ணாடித் துணியில் போடுங்கள். 160 ஜிஎஸ்எம் இரண்டு லேயர், வெளியே 80 ஜிஎஸ்எம் ஒரு லேயர், மொத்தம் 400 ஜிஎஸ்எம். துணி 28 கிராம். எபாக்ஸியை ஒழுங்காகப் பிழிந்து எடுத்தால் ரெசினும் 28 கிராம்தான் நிற்கும். 56 கிராம். உள்ளே பிளைவுட் ஃபார்மர் (குறுக்குச் சட்டம்), சர்வோ தட்டு, டோ ஹூக் (இழுகயிறு மாட்டும் கொக்கி) கட்டை எல்லாம் சேர்த்து 70. நல்ல மெல்லிய கார்பன் பூம் 80 செ.மீ.க்கு 25, 30 கிராம். உங்கள் 120-க்குள் வந்துவிட்டது, கார்பன் துணி ஒரு அங்குலம்கூடத் தேவைப்படவில்லை. ரெசினைக் குறைக்கிறவன்தான் எடையைக் குறைக்கிறான். விலை உயர்ந்த துணி வாங்கி அதை ரெசினில் மிதக்கவிட்டால் ஒரு பயனும் கிடையாது.

இன்னொன்று, எல்லா கிராமும் ஒரே கிராம் இல்லை. உங்கள் அளவில் சிஜியிலிருந்து (எடை மையம்) வால் ஏறக்குறைய 75 செ.மீ. பின்னால் இருக்கும், மூக்கில் பேட்டரி உட்காரும் இடம் 25, 28 செ.மீ. முன்னால். பின்னால் ஒரு கிராம் கூடினால் மூக்கில் கிட்டத்தட்ட மூன்று கிராம் ஈயம் வைக்க வேண்டும். ஆகவே பாட்டில் ஐந்து கிராம் கூடியதற்குக் கவலைப்படாதீர்கள், அது பெரும்பாலும் சிஜிக்கு முன்னால்தான் இருக்கிறது, ஈயத்தின் வேலையைப் பார்த்துவிடும். பூமின் பின்பாதியிலும் வாலிலும் மட்டும் கஞ்சத்தனம் காட்டுங்கள்.

ஒரே ஒரு பாடிதான் வேண்டும் என்றால் அச்சு எதுவும் வேண்டாம். மொட்டை மாடி வெப்பத்தடுப்புக்குப் போடுகிற எக்ஸ்பிஎஸ் ஃபோம் பலகை வாங்கி, பாட் வடிவத்தைச் சுற்றிலும் அரை மி.மீ. சிறியதாகச் செதுக்கித் தேயுங்கள். கல்யாண டெக்கரேஷன் தெர்மோகோல் வேண்டாம், தேய்க்கும்போது மணி மணியாக உதிரும். ஃபோமின் மேல் பிரவுன் பேக்கிங் டேப்பை மடிப்பு விழாமல் ஒட்டி வேக்ஸ் தடவுங்கள், எபாக்ஸி அந்த டேப்பில் ஒட்டாது. துணியை 45 டிகிரி சாய்வில் வெட்டிக்கொள்ளுங்கள். சாய்வாக வெட்டிய துணி வளைவுகளில் சுருக்கம் இல்லாமல் படியும், பாட் முறுக்கிக்கொள்ளாமலும் தாங்கும். நீளவாட்டு வலுவுக்கு மேலும் கீழும் ஒவ்வொரு கண்ணாடி ரோவிங் நூல்கற்றை ஓட்டினால் போதும்.

துணியில் ரெசினை ஊற்றாதீர்கள். பிளாஸ்டிக் ஷீட்டின் மேல் துணியை விரித்து, எபாக்ஸி தடவி, பழைய ஏடிஎம் கார்டால் இழுத்து, மிச்சத்தை டிஷ்யூ பேப்பரால் தோசைக்கல்லில் எண்ணெய் துடைக்கிற மாதிரி ஒற்றி எடுத்துவிட்டு, அப்புறம் அதை ஃபோமின் மேல் போர்த்துங்கள். சரியாக ஊறிய துணி கண்ணாடி மாதிரி தெரியும், ஆனால் மேலே பளபளப்பு இருக்காது, நெசவின் வரி தெரியும். பளபளத்தால் ரெசின் அதிகம், வெள்ளைப் புள்ளி தெரிந்தால் குறைவு. எல்லா லேயரும் போட்டதும் கோடவுன் தெருவில் மலிவாகக் கிடைக்கிற பாலியெஸ்டர் லைனிங் துணியை நாடாவாகக் கிழித்து இறுக்கிச் சுற்றுங்கள், மிச்ச ரெசின் அதன் வழியாக வெளியே கசியும். காய்ந்ததும் உரித்து எடுத்தால் கீழே ஒரே சீரான சொரசொரப்பு கிடைக்கும். எந்த லைனிங் துணியையும் முதலில் ஒரு துண்டில் சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள், சிலது உரியாது.

நன்றாகக் காய்ந்தபின் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக அசிட்டோன் ஊற்றினால் ஃபோம் கரைந்து பிசினாகிவிடும், டேப்பை இடுக்கியால் இழுத்து எடுத்துவிடலாம். நான் பெரும்பகுதி ஃபோமை நீளமான கம்பியால் தோண்டி எடுத்துவிட்டு, ஒட்டியிருப்பதற்கு மட்டும் அசிட்டோன் விடுவேன், எபாக்ஸியை அதில் ஊறப்போடுவது எனக்குப் பிடிக்காது. திறந்த மாடியில் செய்யுங்கள், பக்கத்தில் பூஜை விளக்கு, அடுப்பு எதுவும் இருக்கக் கூடாது.

காசிமேடு ஃபைபர்

நானும் போட் வேலைதான். உங்களுக்கு விலை சொன்னது நான் இல்லை, ஆனால் நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அலையில் அடிபடுகிற பொருளுக்கு மேட், பறக்கிற பொருளுக்கு அது வேண்டாம், மேலே சொன்ன கணக்கு சரி.

ஆனால் கடையில் போய்த் தடுமாறாமல் இருக்க சில விஷயம். ஃபைபர் கடையில் சும்மா ரெசின் என்று கேட்டால் பாலியெஸ்டர்தான் தருவார்கள், கூடவே கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும். பாலியெஸ்டரில் இருக்கிற ஸ்டைரீன் உங்கள் ஃபோமைத் தின்றுவிடும், டேப்பில் ஊசி முனை அளவு இடைவெளி இருந்தாலும் உள்ளே குழி விழும். எபாக்ஸி என்று அழுத்திக் கேளுங்கள். ஹார்டுவேர் கடையில் இரண்டு டியூபாக விற்கிற அரால்டைட் பசையும் வேண்டாம், அது ஒட்டுவதற்கான கெட்டிப் பசை, துணியை ஊற வைக்காது. லேமினேட்டிங் எபாக்ஸி வேண்டும். இங்கே காலேஜ் பிள்ளைகள் எல்லாரும் வாங்குவது எல்ஒய் 556 ரெசினும் எச்ஒய் 951 ஹார்டனரும், எடையில் 100-க்கு 10.

மேட் கையில் இருக்கிறதே, அதை எபாக்ஸியில் போட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். மேட்டில் இழைகளைப் பிடித்து வைத்திருக்கிற பசை பெரும்பாலும் ஸ்டைரீனில் கரைவதற்காகவே ஆனது. எபாக்ஸியில் அது கரையாது, மேட் விறைப்பாக நிற்கும், வளைவில் படியாது. பைப்புக்கு சுற்றுகிற இன்சுலேஷன் கண்ணாடித் துணியும் அப்படித்தான், அதில் வேறு பூச்சு இருக்கும், ரெசின் பிடிக்காமல் வெள்ளையாகவே கிடக்கும். எபாக்ஸிக்கு ஏற்ற துணியா என்று கேட்டு வாங்குங்கள்.

பாலியெஸ்டர் பக்கம் என்றைக்காவது வந்தால் ஒன்றை மறக்கவே கூடாது. கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேராக ஒன்றோடொன்று கலக்காதீர்கள், வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் முழுக்கக் கலக்கியபின்தான் கேட்டலிஸ்ட். இரண்டு பாட்டிலையும் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுகூடக் கூடாது. எங்கள் யார்டில் புதிதாக வருகிற பையனுக்கு முதல் நாள் சொல்கிற பாடமே இதுதான்.

அடையாறு சோரர்

குரோம்பேட்டை சார் சொன்ன ஃபோம் முறை வேகமானது, மறுக்கவில்லை. ஆனால் வழவழப்பாக வேண்டும் என்று இவர் கேட்டிருக்கிறார். ஃபோமின் மேல் சுற்றினால் நெசவு வெளியே இருக்கும். அதை மறைக்க புட்டி, பிரைமர், பெயிண்ட் என்று போகும்போது 15 கிராம் சத்தமில்லாமல் ஏறிவிடும், தேய்த்தே கை ஓய்ந்துவிடும். அதனால் நான் அச்சுக் கட்சி.

அதே செதுக்கிய ஃபோமை ஒரு லேயர் எபாக்ஸி துணியால் மூடி, புட்டி போட்டு, 2கே (ஹார்டனர் கலந்து அடிக்கிற) பிரைமர் அடித்து, வாட்டர் பேப்பரில் 1000 வரை தேய்த்தால் அதுவே மாதிரி உருவம். பாதி உயரத்துக்கு ஒரு பலகையில் பதித்து, இடுக்கை பிளாஸ்டிசின் களிமண்ணால் அடைத்து, வேக்ஸ் பல தடவை, அதன்மேல் பிவிஏ (அச்சில் ஒட்டாமல் பிரிய உதவும் படலம்). இப்போது காசிமேட்டு அண்ணனைக் கூப்பிடுங்கள். அச்சுக்கு எடை ஒரு பிரச்சினையே இல்லை, கனமாக, விறைப்பாக இருந்தால்தான் நல்லது. ஜெல்கோட், மேட், பாலியெஸ்டர் எல்லாம் அதற்கென்றே ஆனது போலப் பொருந்தும், அவர் கை நம் யாருக்கும் வராது. மாதிரி உருவத்தின் மேல்தோல் எபாக்ஸியும் 2கே பிரைமருமாக ஓட்டை இல்லாமல் இருந்தால் ஸ்டைரீன் உள்ளே போகாது. மறு பாதிக்கும் இதேபோல் அச்சு எடுத்து, இரண்டும் முழுக்க இறுகிய பிறகு, வேக்ஸும் பிவிஏவும் திரும்பப் போட்டு, அதில் உங்கள் எபாக்ஸி வேலையைத் தொடங்கலாம்.

பாடி எடுக்கும்போது வெளி லேயர் மெல்லிய துணி, உள்ளே 160. ஒரு பாதியில் துணியை விளிம்போடு வெட்டிவிடுங்கள், மறு பாதியில் 8, 10 மி.மீ. வெளியே நீட்டி வைத்து உள்பக்கம் சாய்த்துவிடுங்கள். நடுவில் பொம்மை செய்கிற நீளமான பலூன் ஒன்றை வைத்து இரண்டு பாதியையும் மூடி, போல்ட் முறுக்கி, பலூனை மெதுவாக ஊதினால் நீட்டிய விளிம்பு எதிர்ப்பக்கச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். 3 அல்லது 4 பிஎஸ்ஐ போதும். இந்த இணைப்பு விளிம்பில் மட்டும் ரெசினில் கஞ்சத்தனம் வேண்டாம், பருத்தி இழைத்தூள் கலந்த எபாக்ஸியை அந்தக் கோட்டில் மெல்லிசாக ஓட்டுங்கள், இல்லையென்றால் முதல் மோசமான லேண்டிங்கில் பாட் தையல் விட்ட மாதிரி திறந்துகொள்ளும். ஜெல்கோட்டுக்குப் பதில் அச்சுக்குள்ளேயே மெல்லிய 2கே பெயிண்ட் அடித்துக்கொண்டால் பெயிண்டோடு வெளியே வரும், பிறகு தேய்க்க ஒன்றும் இருக்காது.

நீங்கள் எப்ளர் ப்ரொஃபைல் போட்டிருப்பதால் ஒரு சின்னத் தகவல். ஸ்டுட்கார்ட்டில் உருவாகி 1957-இல் பறந்த எஃப்எஸ்-24 ஃபீனிக்ஸ்தான் கண்ணாடி இழையில் கட்டப்பட்ட முதல் கிளைடர், ஆள் ஏறிப் பறக்கிற நிஜ கிளைடர். அதை வடிவமைத்தவர்களில் ஒருவர் அதே ரிச்சர்ட் எப்ளர். அதன் தோல் இரண்டு கண்ணாடித் துணிக்கு நடுவே பால்சா வைத்த சாண்ட்விச். உங்கள் பாட்டிலும் இறக்கை உட்காருகிற தட்டையான இடத்தில் இதையே செய்யலாம், நடுவில் 1.5 மி.மீ. பால்சா வைத்தால் இரண்டு லேயர் துணியைச் சேர்ப்பதைவிட விறைப்பாக, எடை குறைவாக இருக்கும். எனக்கு இதைச் செய்கிற ஒவ்வொரு தடவையும் சந்தோஷமாக இருக்கும்.

பெரம்பூர் கிளைடர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அச்சுக்கு போட் அண்ணன், பாடிக்கு எபாக்ஸி என்ற யோசனை எனக்குத் தோன்றவே இல்லை, அவரிடம் போய்ப் பேசப் போகிறேன்.

மூன்று சந்தேகம். ஒன்று, மழை தொடங்கப் போகிறது, வீட்டில் சுவரே வியர்க்கிறது, இந்த ஈரத்தில் எபாக்ஸி வேலை செய்யலாமா? இரண்டு, பூமுக்கு மீன்பிடி ராட் துண்டு போடலாம் என்கிறார்களே, உண்மையா? மூன்று, மூக்குப் பகுதிக்கு மட்டும் ஒரு நண்பர் கார்பன் துணித் துண்டு தருகிறார், அதைப் போடட்டுமா?

குரோம்பேட்டை பால்சா

ஈரத்துக்கு நான் சொல்கிறேன். அந்த ஹார்டனர் காற்றிலிருக்கிற ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துக்கொண்டு, காய்ந்த பரப்பின் மேல் மெழுகு மாதிரி பிசுபிசுப்பான ஒரு படலம் விடும். அதன்மேல் அடுத்த லேயரோ பெயிண்டோ போட்டால் ஒட்டாது, உரிந்து வரும். லைனிங் துணி சுற்றினால் பெரும்பாலும் அதோடு போய்விடும், இல்லையென்றால் வெந்நீரும் ஸ்கிரப்பரும் போட்டுக் கழுவிவிட்டுத் தேயுங்கள். கழுவாமல் தேய்த்தால் அதை உள்ளேயே அமுக்குகிறீர்கள்.

நவம்பரில் மாடியில் செய்யாதீர்கள். ஏசி அறை இருந்தால் அதுதான் சரியான இடம், ஏசி ஈரத்தை எடுத்துவிடும். 26, 27 டிகிரியில் கலவை கையில் நிற்கும் நேரமும் கூடும். சித்திரை வெயிலில் மாடியில் கலக்கினால் கிண்ணத்திலேயே புகைய ஆரம்பித்துவிடும். எல்ஒய் 556 கொஞ்சம் கெட்டியான ரெசின், ஏசி அறையில் இன்னும் கெட்டியாகும், அதனால் ஹார்டனர் கலப்பதற்கு முன் ரெசின் டப்பாவை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் நேரம் நிறுத்தி எடுங்கள். ஒரு தடவைக்கு 20, 30 கிராமுக்கு மேல் கலக்க வேண்டாம், கலந்ததை அகலமான தட்டில் பரப்பி வையுங்கள். 30 கிராமுக்கு ஹார்டனர் வெறும் 3 கிராம், ஸ்பூன் கணக்கு இங்கே நடக்காது, 0.1 கிராம் காட்டுகிற நகைத் தராசு வாங்கியே ஆக வேண்டும். நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், இந்த ஹார்டனருக்குத் தோல் அலர்ஜி ஒருமுறை வந்துவிட்டால் அப்புறம் வாசனைக்கே வீங்கும். தேய்க்கும்போது தண்ணீர் விட்டுத் தேயுங்கள், மாஸ்க் கட்டாயம்.

மடிப்பாக்கம் டிஎக்ஸ்

மூக்கில் கார்பன் வேண்டவே வேண்டாம். கார்பன் மின்சாரம் கடத்தும், 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரை அதற்குள் வைத்தால் இரும்புப் பெட்டிக்குள் வைத்ததற்குச் சமம், தூரத்தில் போய்த் திரும்பும்போது சிக்னல் அறுந்துவிடும். கண்ணாடித் துணியும் கெவ்லாரும் ரேடியோ அலையை விடும். கெவ்லார் கிடைத்தால் மூக்கின் அடிப்பக்கம் உள்லேயராக ஒரு துண்டு போடுங்கள், வெளியே போடாதீர்கள், தேய்த்தால் பஞ்சு மாதிரி இழை கிளம்பும். கோடையில் நாம் இறக்குவது வற்றிய ஏரித் தரையில்தானே, வெடித்துக் கட்டி கட்டியாகக் கிடக்கும், அந்தத் துண்டு உங்கள் பாட்டைக் காப்பாற்றும். ஆன்டெனாவின் நுனியை கார்பன் பூமை ஒட்டி ஓட்டாதீர்கள், இரண்டு நுனியும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பாட்டுக்குள்ளேயே நிற்கட்டும்.

மீன்பிடி ராட் தாராளமாகப் போடலாம், கூம்பாக இருப்பதால் பின்னால் எடை தானாகக் குறையும். ஆனால் மலிவான ராட் கண்ணாடி இழை, கனம் அதிகம், வளையவும் செய்யும். கடைக்குத் தராசு எடுத்துப் போய், நீங்கள் வெட்டப்போகிற பகுதியின் எடையைப் பாருங்கள். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை முறுக்கிப் பாருங்கள், முறுக்கிக்கொண்டால் வைத்துவிடுங்கள், பறக்கும்போது வால் திரும்பி நிற்கும். மேலே இருக்கிற தடித்த வார்னிஷைத் தேய்த்து எடுத்தாலே சில கிராம் குறையும், கருப்பு இழை தெரிய ஆரம்பித்ததும் நிறுத்திவிடுங்கள்.

பாடி வெள்ளை அல்லது வெளிர் நிறம்தான். அறை வெப்பத்தில் காய்ந்த எபாக்ஸி அறுபது டிகிரி பக்கம் போனாலே இளக ஆரம்பிக்கும், மே மாதம் மூடிய காரின் பின் கண்ணாடிக்குக் கீழே அது சர்வசாதாரணம். பூம் ஒரு பக்கமாக வளைந்துவிட்டால் திரும்ப நேராக்குவது பெரும்பாடு. நன்றாக இறுகிய பாடியை முதலில் அச்சோடு சேர்த்தே சில மணி நேரம் வெயிலில், கருப்பு பிளாஸ்டிக் போர்த்திய அட்டைப் பெட்டியில் வைத்து எடுத்தால் வெப்பம் தாங்கும் திறன் கூடும். அச்சில் இருக்கும்போதே செய்யுங்கள், வெளியே எடுத்துவிட்டுச் செய்தால் வடிவம் போகும்.

பெரம்பூர் கிளைடர்

கார்பன் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். அச்சு முறையிலேயே போகிறேன், மாதிரி உருவத்தை மழைக்காலத்தில் முடித்துவிட்டு, லேயர் போடுவதை ஜனவரிக்கு வைத்துக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று, மேல் மூடியை எப்படி வெட்டுவது? முழுப் பாட்டையும் எடுத்தபின் வெட்டினால் பலம் போய்விடாதா?

அடையாறு சோரர்

ஜனவரி நல்ல முடிவு. மூடியை வெட்டுவதைவிட, வெட்டாமல் இருப்பது மேல். உங்கள் பாட்டுக்கு மூக்கு முழுவதும் முன்னால் இருந்து உருவுகிற குல்லாய் மாதிரி வைக்கலாம். உள்குழல் முழுசாக இருக்கும், பேட்டரி, சர்வோ எல்லாம் ஒரு பிளைவுட் தட்டில், அதன்மேல் குல்லாய் வந்து மூடும், ஒரு சுற்று டேப் போதும். ஓட்டை போடாத குழாய்க்கு எப்போதும் பலம் அதிகம். குல்லாய்க்கு அச்சு தனியாக வேண்டாம், முதல் பாட்டை எடுத்ததும் அதன் முன்பகுதிக்கு வேக்ஸ் போட்டு, அதன்மேலேயே 80 ஜிஎஸ்எம் இரண்டு லேயர் சுற்றி உருவிக்கொள்ளுங்கள்.

மூடிதான் வேண்டும் என்றால் ஓட்டையின் நான்கு மூலையும் வட்டமாக இருக்கட்டும், கூர்மூலையில்தான் விரிசல் தொடங்கும். வெட்டுவதற்கு முன்பே அந்த ஓட்டையைச் சுற்றி உள்பக்கம் 10 மி.மீ. அகலத்துக்கு ஒரு லேயர் கூடுதலாகப் போட்டு வையுங்கள். டோ ஹூக் கட்டையை ஓட்டைக்குக் கீழே கொண்டுவராதீர்கள், பஞ்சி (கிளைடரை ஏவுகிற ரப்பர் கயிறு) இழுக்கும்போது பாட் அங்கேதான் மடங்கப் பார்க்கும்.

ஜனவரியில் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை லேயர் போடுவதாக இருந்தால் சொல்லுங்கள், வருகிறேன். பலூன் வைத்து மூடும்போது நான்கு கை வேண்டும், தனியாகச் செய்தால் துணி விளிம்பு நடுவில் மாட்டிக்கொள்ளும்.